ஆஸ்பத்திரிச் சுவரில் என் வீட்டுக்காரரின் கண்

எல்லாரும் முகக்கவசத்தைக் கழற்றிப் போட்டதற்கு அடுத்த வருடம் அது. மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம், பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் என் வீட்டுக்காரர் குலை வெட்டிக்கொண்டிருந்தார். நீளமான கம்பின் நுனியில் அரிவாள். அண்ணாந்து பார்த்தபடியே மட்டையையும் பழக்குலையையும் இழுத்து வெட்ட வேண்டும். கண்ணுக்குப் போட நிர்வாகம் கண்ணாடி கொடுத்திருந்தது. வியர்வையில் ஆவி படிகிறது என்று அதைக் கழுத்தில்தான் தொங்கவிட்டிருப்பார், என்னமோ தாலி மாதிரி. சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

ஒரு நாள் மட்டையிலிருந்து ஏதோ இடது கண்ணில் விழுந்தது. முள் நுனியா தூசியா, தெரியாது. கண் சிவந்தது. கிளினிக்குக் கிளம்புங்கள் என்று கத்தினேன். அவரோ கூட்டாளி ஒருவர் வீட்டில் மிச்சமிருந்த சொட்டு மருந்தை வாங்கி விட்டுக்கொண்டார். சிவப்பு மளமளவென்று அடங்கியது. சும்மா கத்தினாயே என்று என்னைக் கிண்டல் வேறு. அந்த மருந்து சிவப்பை அடக்கிவிட்டு, உள்ளே இருந்த கிருமிக்குத் தீனி போட்டிருக்கிறது. அடுத்த வாரமே கருவிழி மேல் அரிசிக் குருணை போல ஒரு வெள்ளைப் புள்ளி. கண்ணில் பூ விழுந்துவிட்டது என்று தோட்டத்து லயத்து வீடுகளில் பேசிக்கொண்டார்கள். மனுஷன் வலி தாங்காமல் சுவரில் தலையை முட்டிக்கொண்டார். அதற்கு மேல் நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை, காரில் ஏற்றிவிட்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். கண்ணிலிருந்து சுரண்டி எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். காளான் கிருமி என்று முடிவு வந்தது. மணிக்கொரு தரம் மருந்து விட்டார்கள். நான் ரவாங்கில் தொழிற்சாலை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அங்கேயே கிடந்தேன்.

லேபுக்கு வெளியே இருந்த நடைவழியில்தான் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பேன். அந்தச் சுவரில் வரிசையாகப் படங்கள் மாட்டியிருந்தன. தங்கத் துகள் சிதறியது போல ஒன்று. பட்டுத் துணியின் நெசவு போல ஒன்று. இன்னொன்றில் வெள்ளை மேல் நீல இழைகள் கிளை கிளையாகப் பிரிந்து ஓடின. இந்த மாதிரிக் கரை போட்ட சேலை ஒன்று கிடைத்தால் தீபாவளிக்கு எடுக்கலாம் என்று கூட நினைத்தேன். அந்த நேரத்திலும் புத்தி அப்படித்தான் போயிற்று.

லேபில் வேலை செய்த ஒரு தமிழ்ப் பெண் ரொட்டி வாங்க வெளியே வந்தாள். கெர்லிங் ஊர்க்காரப் பிள்ளை, என் மகள் வயதுதான். இதெல்லாம் யார் வரைந்தது என்று கேட்டேன். யாரும் வரையவில்லை, சாப்பாட்டு நேரத்தில் மைக்ரோஸ்கோப்பில் வைத்துத் தானே எடுத்த போட்டோக்கள் என்றாள். தங்கத் துகள் செம்பனைப் பூவின் மகரந்தம். பட்டு நெசவு கொசுவின் இறக்கை. நீல இழை பழைய ரொட்டியில் பூத்த பூஞ்சணம்.

"டாக்டருங்க நோயத்தான் பாப்பாங்க ஆன்ட்டி. எனக்கு மொதல்ல டிசைன்தான் தெரியும். அப்புறம்தான் நோயி."

என் வீட்டுக்காரர் கண்ணில் இருப்பதும் இப்படித்தான் இருக்குமா என்று கேட்டேன். அவள் கையிலிருந்த பையைப் பார்த்துக்கொண்டே நகர்ந்துவிட்டாள்.

மருந்து பலிக்கவில்லை. சீழ் உள்ளே இறங்கிவிட்டது, பார்வை இனி வராது, விட்டுவைத்தால் கண்ணுக்குப் பின்னால் பரவி உயிருக்கே ஆபத்து, கண்ணை எடுத்துவிடுவதுதான் வழி என்று டாக்டர் சொன்னார். இவர் முடியாது என்றார். பார்வை போனால் போகட்டும், கண் இருக்கட்டும் என்றார். கண்ணாடியில் பார்த்தால் ஒரு புள்ளிதானே தெரிகிறது, இதற்குப் போய்த் தோண்டுவார்களா என்று என்னையே கேட்டார். கெஞ்சினேன், திட்டினேன், காலைக் கூடப் பிடித்தேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். இந்த மனுஷன் பிடிவாதத்திலேயே செத்துப்போவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாள் அந்த லேப் பெண் டாக்டரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வார்டுக்கு வந்தாள். அவர் கண்ணிலிருந்து எடுத்ததை வளர்த்துப் பார்த்தபோது எடுத்த போட்டோ அவள் டேப்லெட்டில் இருந்தது. இவர் அதை நல்ல கண்ணுக்கு நேரே கொண்டுபோய் வைத்துக்கொண்டு பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். அதே நீலம். அதே கிளைகள். நடுநடுவே பிறை பிறையாக ஏதோ.

"இது என் கண்ணுல இருந்ததா?"

"ஆமா அங்கிள். சாயம் மட்டும்தான் நாங்க போட்டது."

"அருவா மாதிரி கெடக்கு" என்றார். பிறகு, "அழகாத்தான் இருக்கு லா."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த டேப்லெட்டைப் பிடுங்கி எறிந்திருப்பேன். ஒரு மனுஷனின் கண்ணைத் தின்றுகொண்டிருக்கிறது, அதற்கு என்ன அழகு வேண்டியிருக்கிறது?

அவர் விரலால் ஒரு இழையைத் தொட்டுக்கொண்டே போனார். அது இரண்டாகப் பிரிந்த இடத்தில் விரல் நின்றது.

"மரத்துக்குக் காளான் நோய் வந்தா அடிய வெட்டிப் பார்ப்போம். உள்ள இப்படித்தான் நூல் நூலா ஓடியிருக்கும். மேல மட்டையெல்லாம் பச்சையாத்தான் நிக்கும்."

அப்புறம் அந்த மரத்தை என்ன செய்வீர்கள் என்று அந்தப் பெண் கேட்டாள்.

"அந்த மரத்த வச்சிருக்க மாட்டோம்மா. பக்கத்து மரத்துக்குப் போயிரும்." டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "டாக்டர கூப்புடு. சாச்சிறலாம்."

கண்ணை எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தார். இப்போது அந்த இடத்தில் செயற்கைக் கண் வைத்திருக்கிறார். ஒற்றைக் கண்ணுக்குக் குலை எட்டத்தில் இருக்கிறதா கிட்டத்தில் இருக்கிறதா என்று கணக்குத் தெரியாதாம். அதனால் கம்பு பிடிக்க முடியாது, தோட்டத்து வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறார். முன்பு போல என்னைக் கிண்டல் செய்வதில்லை. நான் கத்தினாலும் திருப்பிச் சொல்வதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்தப் பெண், இவர் பெயரைப் போடாமல் அந்த போட்டோவை மாட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டிருந்தாள். நான் வேண்டாம் என்று வாயெடுப்பதற்குள் இவர் சரி என்றுவிட்டார். இப்போது அது நடைவழியில் பூஞ்சணத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. போன செக்கப்புக்குப் போனபோது ஒரு அம்மா கைப்பேசியில் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். என்ன அழகான பூ, யார் வரைந்தார்களோ என்று எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"வரஞ்சது இல்லம்மா, வளந்தது" என்று சொல்லிவிட்டு இவர் நடந்துவிட்டார்.

நான் அங்கேயே நின்றேன். அவர் கண்ணைத் தின்றதும் அதுதான், அவர் உயிரை என்னிடம் திருப்பிக் கொடுத்ததும் அந்தப் படம்தான். அதைக் கடந்து போகும்போதெல்லாம் கையெடுத்துக் கும்பிடுவதா, காறித் துப்புவதா என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை.