இடது பக்கத்து பிரேக்

நீங்கள் எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கவில்லை. இருபத்தாறு நாளும் நீங்கள்தான் ஓட்டினீர்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

அருப்புக்கோட்டையில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர் நீங்கள். அதே தெருவில் மாட்டுத்தீவனக் கடையும் வைத்திருக்கிறீர்கள். இரண்டு தொழிலையும் ஒரே காரில் நடத்திவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றியது. கடைக்கு டிரைவர் தேவையில்லை, மூட்டை இறக்க ஆள் தேவையில்லை. படிக்க வருகிறவர்களே இரண்டு வேலையையும் பார்த்துவிட்டு, போகும்போது உங்களைக் கும்பிட்டுவிட்டும் போவார்கள். நானும் கும்பிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

எனக்கு எதற்கு வண்டி தேவைப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும், முதல் நாளே சொன்னேன். எங்கள் ஊர் திருச்சுழி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. போர் போட்டால் உப்புத்தண்ணீர்தான் வரும். அதில் பருப்பு வேகாது. வீட்டுக்கு வீடு குடிக்கத் தண்ணீர் கேன் வேண்டும். நானும் என் நாத்தனாரும் டவுனில் கேன் நிரப்பி, சுற்றியுள்ள நாலு ஊருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். லோடு ஆட்டோக்காரர் நினைத்தால் வருவார், நினைக்காவிட்டால் மாட்டார். அவர் வராத நாளில் நாலு ஊரும் எங்களைத்தான் ஏசும். எங்கள் இரண்டு வீட்டிலும் வண்டி ஓட்டத் தெரிந்தவர் யாரும் இல்லை. எங்களுக்கு முந்தின தலைமுறை மிளகாய்க் காட்டில் கூலிக்குப் போனது. என் வீட்டுக்காரர் மில்லில் ஷிப்ட் பார்க்கிறார். ஆகவே நானே கற்றுக்கொள்கிறேன் என்று வந்தேன்.

காலை ஆறு மணிக்கு ஊருக்கு வெளியே இருக்கும் பொட்டலில் வரச் சொல்வீர்கள். ஐந்து பேர் வருவோம், ஆளுக்கு ஒரு நடையாக முறைவைத்து ஓட்டுவோம். செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் காரில் ஏற வேண்டும். வண்டிக்குள் சாமி இருக்கிறது, செருப்பு ஏறக்கூடாது என்பது உங்கள் சட்டம். அந்தச் சாமிக்குப் பின்னால் பின்சீட்டு முழுக்கப் புண்ணாக்கு மூட்டையும் தவிட்டு மூட்டையும் கூரை முட்ட அடைத்துவைத்திருப்பீர்கள். கயிறு கிடையாது. கதவைச் சாத்தினால் மூட்டை வெளியே விழாது, உங்களுக்கு அது போதும். காரின் பின்பக்கம் அமுங்கி, மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

இதென்ன மாஸ்டர் இவ்வளவு லோடு என்று இரண்டாம் நாள் கேட்டேன்.

"லோடு ஏத்தி ஓட்டிப் பழகிட்டா, காலி வண்டி பூ மாதிரி வரும் தாயி" என்றீர்கள்.

எவ்வளவு பெரிய படிப்பு என்று வியந்து, அன்றைக்குத் திருச்சுழியில் நாலு மூட்டையை நானே இறக்கி வைத்தேன்.

கார் கிளம்பியதும் நீங்கள் பேப்பரை விரித்து மடியில் போட்டுக்கொள்வீர்கள். உங்கள் காலடியிலும் ஒரு கிளட்ச்சும் ஒரு பிரேக்கும் இருப்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆத்திர அவசரத்துக்கு என்று சொல்லியிருந்தீர்கள். அந்தப் பேப்பருக்கு அடியில் உங்கள் கால் என்ன செய்துகொண்டிருந்தது என்பது எங்களுக்குத் தெரியாது. ஆனால் என் காலுக்கு ஏதோ தெரிந்தது. வெறுங்காலாக இருந்ததால் இன்னும் நன்றாகத் தெரிந்தது. பிரேக்கில் காலை வைப்பேன். நான் அழுத்துவதற்குள் அது தானாகக் கீழே இறங்கிப்போகும். ஈரக் களிமண்ணில் பாதம் இறங்குவது போல இருக்கும். கார் நின்றுவிடும். மிதிக்காமலே இறங்குகிறதே என்று உங்களிடமே கேட்டேன்.

"புது மாடல் வண்டி, அப்படித்தான் இருக்கும். காலப் பத்தி நெனைக்காத, நீ ரோட்டப் பாரு."

நான் ரோட்டைப் பார்த்தேன். காரியாபட்டி வரைக்கும், வீரசோழன் வரைக்கும் உங்கள் தவிட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஒரு நாளும் எங்கும் இடிக்கவில்லை. நான் நன்றாக ஓட்டுகிறேன் என்று என் வீட்டில் பெருமையாகச் சொன்னேன்.

டெஸ்ட் அன்று மட்டும் பின்சீட்டில் மூட்டை இல்லை. அதிகாரி அங்கே உட்கார்ந்திருந்தார். நீங்கள் வழக்கம்போல் இடதுபக்கம். தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் பின்னால் வரும் பஸ் தெரிவதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அதுவரை அது நெற்றிப்பொட்டைச் சரிபார்க்க வைத்த கண்ணாடி என்று நினைத்திருந்தேன். நிறுத்தச் சொன்ன இடத்தில் கார் நின்றது. லைசன்ஸ் வந்தது.

பிறகு, பின்சீட்டைக் கழற்றிய ஒரு பழைய வேனை வாங்கினோம். முதல் நாள் அதன் பிரேக் கல்லைப் போல இருந்தது. பழைய மாடல், அதனால்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு வாரம் வெறும் வேனை இரண்டாவது கியரில் உருட்டினேன். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அது தானாக வேகம் குறைந்து நிற்கும். நிற்கிறதே, போதும் என்று இருந்தேன்.

லோடு ஏற்றிய முதல் நாள் இருபத்து நாலு கேன். பாதியை நிற்கவைத்து, அதன் மேல் மீதியைப் படுக்கவைத்தோம். கயிறு கட்டவில்லை. கதவைச் சாத்தினேன். லோடு ஏற்றுவது என்றால் கதவைச் சாத்துவது என்பதுதான் நான் படித்தது. நாத்தனார் இடதுபக்கம் ஏறிக்கொண்டது.

எங்கள் கண்மாய்க்கு முன்னால் ரோடு கொஞ்சம் இறக்கமாக இருக்கும். மூன்றாவது கியரில் போனேன். தண்ணீரின் கனம் பின்னாலிருந்து தள்ள, நான் கேட்காத வேகம் வந்தது. கரையிலிருந்து ஆடுகள் ரோட்டில் இறங்கின. என் கால் பிரேக்கின் மேல் போனது. போய், அங்கேயே இருந்தது. அது தானாக இறங்கும் என்று காத்துக்கொண்டு இருந்தது. இறங்கவில்லை. அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? இடதுபக்கம் திரும்பிப் பார்த்தேன்.

அங்கே நீங்கள் இல்லை. என் நாத்தனார் இருந்தது.

ஆடுகளை விட்டு ஒடித்தேன். வேன் கண்மாய்ப் பாலத்துச் சுவரில் மோதி நின்றது. மேலடுக்குக் கேன்கள் நிற்கவில்லை. பன்னிரண்டும் உருண்டு முன்னால் வந்தன. ஒன்று என் சீட்டின் முதுகில் மோதியது. இன்னொன்று பின்னாலிருந்து தள்ள, நாத்தனார் முன்னால் ஊன்றிய வலதுகை மணிக்கட்டில் உடைந்தது. ஆடு ஒன்றுக்கும் ஒன்றுமில்லை.

கூடிய கூட்டத்தில் எல்லோரும் கேட்கும்படி, பிரேக் பிடிக்கவில்லை என்று கத்தினேன். அப்போது அதை நான் நம்பினேன். வேனை விற்றவரை நாற ஏசினேன். நாத்தனார் மட்டும், கட்டுப்போட்ட கையோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டது.

"மிதிங்க மிதிங்கன்னு கத்துறேன், நீங்க என்னயத் திரும்பிப் பாத்தீகளே, எதுக்கு மதினி பாத்தீக?"

பதில் மெக்கானிக்கிடம் இருந்தது. வேனைத் தூக்கிவைத்துப் பிரேக்கைப் பார்த்தவர் என்னை ஏறி உட்காரச் சொன்னார். மிதிக்கச் சொன்னார். மிதித்தேன். சக்கரத்தைக் கையால் சுற்றிக் காட்டினார். அது சுற்றியது. இன்னும் அழுத்துங்கள் என்றார். சீட்டில் முதுகை முட்டுக்கொடுத்து அழுத்தினேன். சக்கரம் நின்றது.

"பிரேக்கு நல்லாத்தான்க்கா இருக்கு. உங்க காலு இதுவரைக்கும் மிதிச்சதே இல்ல. யாருகிட்டப் பழகுனீக?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, உங்கள் கார் அவரிடம்தான் வேலைக்கு வரும் என்றார்.

"அவுக பக்கத்து பிரேக்குக்கு ரெண்டு தடவ ரப்பரு மாத்திட்டேன், தேஞ்சு கம்பி தெரிஞ்சிருச்சு. படிக்கிறவுக பக்கம் வண்டி வந்தப்ப போட்ட ரப்பரு. வரிகூட அழியல."

அந்தப் பட்டறையில் எனக்கு எல்லாம் விளங்கியது. கற்றுக்கொடுக்கப் பொறுமை வேண்டும். நான் கிளட்ச்சை விட்டு வண்டி குதித்தால் உங்கள் மூட்டை சரியும், கடைக்காரர்களுக்கு நேரமாகும். நீங்களே மிதித்துவிட்டால் சீக்கிரம் முடியும். என்னிடமிருந்து உங்களுக்கு வேண்டியிருந்தது இரண்டு கை மட்டும்தான். அந்தக் கைகள் மூட்டையும் இறக்கியதால் இன்னும் வசதி.

என் தப்பை நான் மறைக்கவில்லை. எந்த ஊரில் பிரேக் பிடிக்கவில்லை என்று கத்தினேனோ அதே ஊரில், டீக்கடைக்கு முன்னால் நின்று, பிரேக் நன்றாக இருந்தது, எனக்குத்தான் மிதிக்கத் தெரியவில்லை, கயிறு கட்டாததும் என் தப்பு என்று சொன்னேன். வேனை விற்றவரிடமும் போய்ச் சொன்னேன். நாத்தனாரின் மாமியார் என்னை ஏசினார், ஏச்சு முடியும்வரை நின்று வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் உங்கள் பொட்டலுக்கு வந்தேன். புதிதாக ஐந்து பேர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார்கள். பெடல் ரப்பரைப் பற்றிக் கேட்டேன். நீங்கள் பேப்பரை மடிக்கக்கூட இல்லை.

"லைசன்ஸு வாங்கிக் குடுத்தேனா இல்லையா? அத்தோட என் வேலை முடிஞ்சுபோச்சு தாயி. வேணும்னா காசில்லாம ஒரு வாரம் வா. தவிட்டு லோடு நெறையக் கெடக்கு."

பிறகு அந்த ஐந்து பேரிடம், பயந்தவர்களுக்கு வண்டி ஆகாது என்று சொல்லிச் சிரித்தீர்கள். அவர்களும் சிரித்தார்கள். நானாக இருந்தாலும் அந்த இடத்தில் சிரித்திருப்பேன். இரண்டு நாளில், நான் செல்போன் பேசிக்கொண்டே ஓட்டினேன் என்று திருச்சுழி வரைக்கும் கதை வந்துவிட்டது. உங்கள் தவிடு போகிற கடைகளில்தான் அந்தக் கதையும் இறங்கியது. வேறு டிரைவர் போட்டால் கேன் எடுக்கிறோம் என்று இரண்டு ஊரில் சொல்லிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் வண்டியை விற்றுவிடலாம் என்றார். விற்றால் நாங்கள் மறுபடி லோடு ஆட்டோவுக்குக் காத்துநிற்க வேண்டும். அந்தக் கதையும் பிறகு உண்மை என்றே ஆகிவிடும்.

விற்கவில்லை. கண்மாய் காய்ந்து கிடந்தது. வேனை அதற்குள் இறக்கினேன். நாத்தனார் கட்டுக் கையோடு வந்து ஓரமாக ஒரு குச்சியை நட்டுவிட்டுத் தள்ளி நின்றுகொண்டது. நான் வர வர, அங்கிருந்து கத்தும்.

"மதினி, ஆடு."

"எங்கிட்டு?"

"அந்தக் குச்சிதான் ஆடு. பேசாம மிதிங்க."

முதல் நாள் கிளட்ச்சை மறந்து இன்ஜினை அணைத்தேன். இரண்டாம் நாள் குச்சியை ஒடித்தேன். ஆடு செத்துவிட்டது என்று சொல்லி நாத்தனார் வேறு குச்சி நட்டது. நாலாம் நாள் சக்கரம் நாலும் பிடித்து, புழுதி எழும்பி, குச்சிக்கு ஒரு முழம் முன்னால் வேன் நின்றது. முழங்கால் வலித்தது. பிரேக் மிதித்தால் கால் வலிக்கும் என்பதே எனக்குப் புதுச் செய்தி.

பிறகு ஆறு கேன் ஏற்றி அதே வேகத்தில் வந்தேன். குச்சியைத் தாண்டித்தான் நின்றது. பன்னிரண்டு ஏற்றியபோது இன்னும் தாண்டியது. கனம் கூடக் கூட, முன்கூட்டியே மிதிக்க வேண்டும். இதை நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இப்போது என் வேனில் ஒரே அடுக்கு. சீட்டுக்குப் பின்னால் பலகை அடித்து, அதை ஒட்டிக் கேன்களை இடைவெளி இல்லாமல் நிறுத்தி, தரையில் பதித்த கொக்கியில் கயிற்றை மாட்டி இறுக்குகிறேன். பன்னிரண்டுதான் கொள்கிறது. இரண்டு நடை போகிறேன். நாத்தனாருக்கு அந்தக் கையால் இன்னும் நிரம்பிய கேனைத் தூக்க முடியவில்லை.

போன வாரம் உங்கள் கார் எனக்கு எதிரே வந்தது. கூரை முட்ட மூட்டை. ஸ்டியரிங்கில் ஒரு சின்னப் பெண், பார்வையை ரோட்டை விட்டு எடுக்காமல் வந்தாள். உங்கள் மடியில் பேப்பர். நன்றாக ஓட்டுகிறோம் என்று அவளும் வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பாள்.

எனக்கு உங்கள் காசும் வேண்டாம், இலவச வாரமும் வேண்டாம். வருகிற திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு என் நாத்தனாரையும், கேன் வேண்டாம் என்ற அந்த இரண்டு ஊர்க்காரர்களையும் கூட்டிக்கொண்டு பொட்டலுக்கு வருகிறேன். படிக்க வந்தவர்கள் எல்லோரும் சுற்றி நிற்கட்டும். காரின் இரண்டு முன்கதவையும் திறந்துவையுங்கள். இரண்டு பக்கத்து பிரேக்கையும் அவர்களே குனிந்து பார்க்கட்டும். பார்த்த பிறகு பேப்பரை மடித்து வைத்துவிட்டு, அவர்கள் முன்னால் பதில் சொல்லுங்கள்: இருபத்தாறு நாளில் ஒரு தடவையாவது அந்தக் காரை நான் நிறுத்தினேனா?