அஞ்சம்மாளும் விழுப்புரத்தாளும்

பள்ளிக்கூடத்தில் ராஜாக்களின் சரித்திரத்தையும் கவர்னர்களின் சரித்திரத்தையும் நிறையப் படித்தேன். எட்டாம் வகுப்பு முடிந்து, வேலை எதுவும் அகப்படாமல் திண்டிவனத்தில் தெருவைச் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில்தான் பக்கத்து வீட்டைப் பார்க்க எனக்கு நேரம் கிடைத்தது. அந்த வீட்டுக்காரியைப் பற்றி யாரும் எழுதப்போவதில்லை. ஆகவே நான் எழுதுகிறேன்.

அவள் பெயர் அஞ்சம்மாள். நாங்கள் பெரியம்மா என்று கூப்பிடுவோம். எங்கள் தெருவின் கடைசி வீடு அவளுடையது. அதை அடுத்து ஒரு முள்வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கும் களம். களத்தில் மிஷின் சக்கரத்தைச் சுற்றி மல்லாட்டை உடைப்பது ஆண்கள் வேலை. உடைத்ததைப் புடைத்து, பருப்பு வேறு தோல் வேறாகப் பிரிப்பது பெண்கள் வேலை. எங்கள் தெருப் பெண்கள் எல்லாரும் அங்கேதான் போனார்கள். அவர்களுக்குப் பெரியம்மாதான் தலைவி. விடிந்ததும் ஒவ்வொரு வாசலாக நின்று, "எயுந்திருங்கடி, வெயிலு வந்து மூஞ்சில குந்திக்கிச்சி" என்று சொல்லிக்கொண்டே போவாள். எங்கள் தெருவுக்குச் சேவல் தேவைப்படவில்லை.

அவளுக்கு ஒரு குறை உண்டு. கலியாணமாகிப் பல வருஷங்கள் ஆகியும் குழந்தை இல்லை. தெருவில் வளைகாப்பு நடந்தால் வகைவகையான சோறும் அவள் கையால்தான் வேகும். ஆனால் வளையல் போட யாரும் அவளைக் கூப்பிட மாட்டார்கள். பிள்ளை பிறந்த வீட்டில் மற்றப் பெண்கள் உள்ளே போவார்கள். அவள் கொல்லைப் பக்கம் வெந்நீர் போட்டுக்கொண்டிருப்பாள். யாராவது தயங்கி நிற்பதற்கு முன்பே, "எனக்கு அடுப்பு வேலை கெடக்குதுடி" என்று தானே முந்திக்கொள்வாள்.

அவள் கணவர் பச்சமுத்து வண்டிக்காரர். யுத்தம் வந்து லாரிக்குப் பெட்ரோல் கிடைக்காமல் போனதில் மாட்டு வண்டிக்கு மறுபடியும் மதிப்பு வந்துவிட்டது. முகையூர்ப் பக்கத்து மல்லாட்டை விழுப்புரத்துக்கு வரும். அங்கிருந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அவர் திண்டிவனத்துக்கு வருவார். போன வருஷம் தை மாதத்தில் அப்படி வந்தபோது வண்டியின் பக்கத்தில் அவர் நடந்து வந்தார். மூட்டைகளின் மேல் ஒரு செவலை நாய் படுத்திருந்தது.

பெரியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இன்னாய்யா இது? மல்லாட்டை ஏத்திக்கினு வரச் சொன்னா நாய ஏத்திக்கினு வந்துக்கிற."

"நானா ஏத்தினேன்? விழுப்புரத்துலேர்ந்து வண்டிக்கு அடியிலயே நெழல்ல நடந்துக்கினு வந்துச்சி. வெரட்டிப் பாத்தேன், போவல. மயிலம் தாண்டினதும் ரோட்டுல படுத்துக்கிச்சி."

"அதுக்கு? அது சவாரி, நீ நடையா?"

"ரெண்டு பேரும் ஏறினா மாட்டுக்குப் பாரம் இல்ல?"

பெரியம்மா கிட்டே போய் நாயின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். நாய் அசையவில்லை. அவள் குரல் தணிந்துவிட்டது.

"பாரந்தான். புள்ளத்தாச்சியா இருக்குதுய்யா இது."

எங்கள் ஊரில் வெளியூரிலிருந்து வாழ வந்த பெண்ணை அவள் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் அழைப்பார்கள். மரக்காணத்திலிருந்து வந்தவள் மரக்காணத்தாள். அந்த வழக்கப்படி இந்த நாய் விழுப்புரத்தாள் ஆயிற்று. இவள் வாழ வந்தவள் இல்லை, மாமியார் வீடுதான் விழுப்புரம், தாய்வீடு திண்டிவனம், பிரசவத்துக்கு வந்திருக்கிறாள் என்று களத்துப் பெண்கள் கேலி பேசினார்கள். பெரியம்மா அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை.

காலையில் கேப்பைக் கூழ், மத்தியானம் கூழோடு கருவாடு. வண்டிக்கு அடியில் படுத்திருக்கும் விழுப்புரத்தாளைச் சாயங்காலம் மடியில் தலை வைக்கச் செய்து, முதுகு மயிரில் ஒட்டியிருக்கும் மல்லாட்டைத் தோல் துகள்களை ஒவ்வொன்றாக எடுப்பாள். களத்தில் அவள் கூடப் புடைக்கிற செண்பகம் என்ற இளம்பெண்ணுக்கும் அப்போது மாதம் ஆகிக்கொண்டிருந்தது. வீட்டு வழியாகப் போகும்போது அவள் நின்று பார்த்தாள்.

"யக்கா, எனக்கு வாய் கசக்குதுன்னு சொன்னேனே, ஒரு மாங்கா பத்தை குடுத்தியா? இதுக்கு மட்டும் மரக்காணத்துக் கருவாடா?"

"நீ வாய் தொறந்து கேப்ப. அது கேக்குமா?"

"அதான் நீ கேக்காமயே குடுக்கிறியே. வளையலும் போட்டுடு, கொறை எதுக்கு?"

செண்பகம் விளையாட்டாகத்தான் சொன்னாள். மறுநாள் அவளே ஒரு பச்சைக் கண்ணாடி வளையலைக் கொண்டுவந்து கயிற்றில் கோத்துக் கொடுத்தாள். "தாய்வூட்டுக்காரிதான் மொதல்ல போடணும்" என்று வேறு சொன்னாள். பெரியம்மா வளையலை வாங்கி முந்தானையில் துடைத்தாள். பிறகு குனிந்து, விழுப்புரத்தாளின் கழுத்தில் இறுகாமல் பார்த்துப் பார்த்துக் கட்டினாள். அன்று அவள் யாரையும் திட்டவில்லை.

அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஆட்டுக்குப் போட்டிருந்த சாய்ப்புக் கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. அதன் தரையைக் கொத்தி, மண் போட்டுக் கெட்டித்து, சாணியால் மெழுகினாள். வைக்கோல் பரப்பி அதன்மேல் சாக்கு விரித்தாள். சாக்கு குத்தும் என்று தன் பழைய புடவையில் கிழியாத பாகமாகப் பார்த்துக் கிழித்து மேலே போட்டாள். "என் துண்டு கிழிஞ்சி தொங்குது, அது ஒன் கண்ணுல படல" என்றார் பச்சமுத்து. "நீ புள்ள பெத்துக்க, பட்டுத்துணியே போடறேன்" என்று பதில் வந்தது.

எங்கள் பக்கத்தில் பிரசவ வீட்டுக்கு ஒரு காவல் உண்டு. கூரையில் வேப்பிலை செருகுவார்கள். காற்று கறுப்பு அண்டக்கூடாது என்று நிலைப்படியில் ஒரு பழந்துடைப்பத்தைக் குறுக்கே போட்டு, அறுந்த செருப்பு ஒன்றைத் தொங்கவிடுவார்கள். கொல்லைப் பக்கம் வெந்நீர் போட்ட காலமெல்லாம் பெரியம்மா இதையெல்லாம் பார்த்து வைத்திருந்தாள். இப்போது தன் கையாலேயே செய்தாள். வேப்பிலை செருகினாள். பச்சமுத்துவின் அறுந்த செருப்பைக் கட்டினாள். நல்ல நீளமான துடைப்பமாகப் பார்த்து வாசலில் போட்டாள். ஒன்றும் விட்டுப்போகவில்லை என்று இரண்டு முறை சுற்றிப் பார்த்தாள்.

அன்று பொழுது சாயும் வேளையில் விழுப்புரத்தாளைக் கூப்பிட்டாள். நாய் வாலை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தது. சாய்ப்பின் வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டது. காதுகள் மடிந்தன, வால் கால்களுக்கு நடுவே போய்விட்டது. கருவாட்டைக் காட்டினாள். வரவில்லை. "வாடி எங்கண்ணு" என்று கழுத்துக் கயிற்றைப் பிடித்து லேசாக இழுத்தாள். நாய் தரையோடு தரையாக ஒடுங்கி, ஒரு திமிறு திமிறி, அந்த வயிற்றோடு வேலிச் சந்தில் புகுந்து ஓடியே போய்விட்டது.

"புது எடம். பயப்படுது. வந்துடும்" என்றார் பச்சமுத்து.

பெரியம்மா துடைப்பத்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் கழித்து, "எம் வாசப்படி ராசி எப்படின்னு அதுக்குக்கூடத் தெரிஞ்சிபோச்சிய்யா" என்றாள்.

மறுநாள் விடிந்தபோது நாய் வரவில்லை. தெருவில் யாரையும் எழுப்ப அன்று குரலும் வரவில்லை. பச்சமுத்து விழுப்புரம் ரோட்டில் தேடிப் போனார். நான் ரயில்வே ஸ்டேஷன், சந்தைத் தோப்பு, ஏரிக்கரை எல்லாம் ஓடிப் பார்த்துவிட்டுக் களத்துக்குச் சொல்ல வந்தேன். பெரியம்மா முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். நான் இல்லை என்று தலையை ஆட்டியதைப் பார்த்துவிட்டுக் கேட்காமலே குனிந்துகொண்டாள்.

களத்தில் அன்று வழக்கத்தை விடச் சத்தம் அதிகம். மல்லாட்டைத் தோல் சுவரோரம் மேடாகக் குவிந்து கிடக்கும். முன்பெல்லாம் அதை மாதக்கணக்கில் யாரும் தொட மாட்டார்கள். யுத்தத்தில் கரி கிடைக்காததால் செங்கல் சூளைக்கு அந்தத் தோலை அள்ளிப்போக வண்டிகள் வந்து நின்றன. மண்ணாங்கட்டி என்ற ஆள் மரப்பல் வைத்த வாருகோலோடு மேட்டின் அடிப்பக்கத்தில் நின்று வாரத் தொடங்கியிருந்தான். அடியில் வாரினால் மேலே இருக்கிற தோல் தானாகச் சரிந்து வரும். அது சுலபமான வழி. கணக்குப்பிள்ளை கோதண்டபாணி குடையைப் பிடித்துக்கொண்டு, "ஜல்தி, ஜல்தி" என்று நின்றார்.

செண்பகம் பெரியம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "யக்கா, ஒரு வாய் கஞ்சியாவது குடி."

பெரியம்மா செண்பகத்தின் தலையில் ஒட்டியிருந்த தோல் துகளை எடுத்தாள். கை தானாகச் செய்த காரியம் அது. இன்னொன்றையும் எடுத்தாள். அதை விரலில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

களத்துப் பெண்கள் எல்லாருடைய தலையிலும் முந்தானையிலும் அந்தத் துகள் எப்போதும் இருக்கும். வீட்டுச் சோற்றில்கூட இருக்கும். அதனால் அதை யாரும் ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை.

"ஏண்டி செண்பகம், நாம தோலு பொடைக்கிறோம், நம்ம தலைல தோலு. வண்டிக்கு அடியில படுத்துக் கெடக்கிறவ முதுவுல தெனமும் ஏண்டி தோலு?"

சொல்லி முடிப்பதற்குள் முறத்தைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினாள். தோல் மேட்டுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் நுழைந்தாள். நானும் பின்னால் போனேன். சுவரோரம் மேட்டைக் குடைந்து ஒரு வளை இருந்தது. உள்ளே பச்சை வளையல் மினுங்கியது. விழுப்புரத்தாள் மெதுவாக உறுமி, ஆளைத் தெரிந்துகொண்டு நிறுத்தினாள். அவள் வயிற்றோரம் எலிக்குஞ்சு போலக் குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாக நெளிந்தன. மேலே ஆள் உயரத்துக்குத் தோல். முன்பக்கம் மண்ணாங்கட்டி வாரும்போதெல்லாம் அது பொலபொலவென்று வளையின் வாயில் உதிர்ந்தது.

பெரியம்மா சுற்றிக்கொண்டு வந்து மண்ணாங்கட்டியின் வாருகோலுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரி அக்கா, தோல் அள்ளணும்."

"உள்ள விழுப்புரத்தா புள்ள பெத்துக் கெடக்கறா. அள்ளணும்னா என்னையும் சேத்து அள்ளிப் போடு."

கோதண்டபாணி குடையை மடக்கிக்கொண்டு வந்தார். "அஞ்சம்மா, பேஜாரு பண்ணாத. சூளைக்காரன் காத்துக்கினு இருக்கான். நாய்க்குப் பெரசவம், அதனால வண்டி வரலன்னு நான் அவனுக்கு எழுதட்டுமா?"

"எயுதுங்க. தாயும் புள்ளைங்களும் சொகம்னு அதையும் சேத்து எயுதுங்க."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். கணக்குப்பிள்ளைக்கும் வாய் கோணியது, ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "வண்டி நெறையாம போவக் கூடாது. நான் முதலாளிக்குப் பதில் சொல்லணும்."

"வண்டி நெறஞ்சாப் போதுங்களா? நாங்க நெறைக்கிறோம்" என்று பெரியம்மா எழுந்தாள். குரல் திரும்பிவிட்டது. "எல்லாரும் மொறத்த எடுத்துக்கினு வாங்கடி. மேலேர்ந்து அள்ளு. அடியில எவளும் கை வெக்காத. செண்பகம், நீ மேல ஏறாத, கீய நின்னு வாங்கி ஊத்து."

மேட்டின் உச்சியிலிருந்து முறம் முறமாகத் தோல் இறங்கிற்று. கைக்குக் கை மாறி வண்டிக்குப் போயிற்று. வாருகோலை விட முறம் வேகம் என்று கணக்குப்பிள்ளையே சொன்னார். உச்சி வெயில் வருவதற்குள் வண்டிகள் நிறைந்தன. சுவரோரம் இடுப்பளவு தோல் மட்டும் விழுப்புரத்தாளுக்காக மிச்சம் இருந்தது.

அப்போதுதான் மண்ணாங்கட்டி சிதறிக் கிடந்ததைக் கூட்டுவதற்குத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அந்தச் சந்துப் பக்கம் போனான். நாங்கள் சந்தில் நுழைந்தபோது உறுமிய நாய், துடைப்பத்தைக் கண்டதும் உறுமவில்லை. நடுங்கிக்கொண்டு குட்டிகளின் மேல் கவிந்து, கண்ணை இடுக்கிக்கொண்டது. அடி விழும் என்று காத்திருப்பது போல இருந்தது.

பெரியம்மா துடைப்பத்தைப் பார்த்தாள்; நாயைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வந்த பிறகும் நிறுத்தவில்லை. விழுப்புரம் ரோட்டில் தேடிவிட்டு அப்போதுதான் திரும்பிய பச்சமுத்து, என்ன ஆயிற்று என்று ஓடி வந்தார்.

"ஊரு ஊரா தொடப்பத்தாலயும் செருப்பாலயும் அடி வாங்கினு வந்த கயிதைய்யா இது. அதையே வாசல்ல மாட்டி வெச்சி உள்ள வாடின்னு கூப்பிட்டிருக்கேன். எப்படி வரும்?" சிரிப்பு கொஞ்சம் அடங்கியதும் மெதுவாகச் சொன்னாள்: "எம் வாசப்படிய அது ஒண்ணும் சொல்லலய்யா."

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் பச்சமுத்து. அவர் சொல்லவில்லை; ஆனால் அன்று அதை யாரும் சுட்டிக்காட்டவில்லை.

துடைப்பமும் செருப்பும் அன்றே போய்விட்டன. வேப்பிலை மட்டும் இருந்தது. சில நாள் கழித்து, குட்டிகளுக்குக் கண் திறக்கிற சமயத்தில், விழுப்புரத்தாள் ஒவ்வொரு குட்டியாகக் கழுத்தைக் கவ்விக்கொண்டு வேலிச் சந்து வழியாகச் சாய்ப்புக்கு வந்தாள். புடவைத் துணியின் மேல் அவற்றைப் போட்டுவிட்டு மறுபடி போனாள். பெரியம்மா கூழ்ச் சட்டியோடு அசையாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு குட்டி கோதண்டபாணிக்கு என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. அவராகவே கேட்டார்.

மறுநாள் செண்பகம் முறத்தைத் தட்டிக்கொண்டே, "யக்கா, எனக்கும் நீயே வந்து எடம் கட்டிக் குடு. உள்ளயே இரு. வெந்நீ எங்க மாமியா போடட்டும்" என்றாள்.

பெரியம்மாவின் முறம் முன்னைவிட வேகமாக ஆடியது.

"வர்றேன், வர்றேன். வேப்பில, செருப்பு, தொடப்பம், எல்லாத்தையும் கொண்டாறேன்."

"தொடப்பமும் செருப்பும் மட்டும் வாணாம் யக்கா."

"ஏண்டி, ஒனக்கும் பயமா?"

"எனக்கு இன்னா பயம்? நீ வந்தா விழுப்புரத்தாளும் பின்னாலயே வருவா இல்ல? பாவம், அவ வெளியவே நிக்கணுமா?"