சிவப்பு டேப் ஒட்டிய துளை

எங்கள் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயர் 'சந்தேகம்'. நான்தான் வைத்தேன். கம்ப்யூட்டர் லைன்களைப் பார்ப்பவள் அவள், நான் எலக்ட்ரீஷியன். ஆறு வருஷமாக ஏணியின் மேல் நான், கீழே அவள். டீ வாங்கிக் கொடுத்தால்கூட உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பாள்.

பெயர் வந்தது ஒரு ஸ்விட்சால். விளக்கு ஸ்விட்ச் இல்லை, ஒரு மாடியின் கம்ப்யூட்டர் ஒயர்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டி. அதில் இருபத்து நாலு துளை. காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் அது "எனக்கு ஒரு நம்பர் கொடுங்க" என்று லைனில் கூவுமாம். தரைத்தளத்துச் சர்வர் நம்பரையும், வெளியே போகிற வழியையும் சொல்லும். கோளாறு என்னவென்றால், யார் முதலில் பதில் சொன்னாலும் கம்ப்யூட்டர் அப்படியே நம்பிவிடும். இத்தனை வெகுளியை வைத்துக்கொண்டு எப்படி ஆஸ்பத்திரி நடத்துகிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

அதற்கு ஸ்விட்சிலேயே ஒரு காவல் உண்டு. டிஎச்சிபி ஸ்னூப்பிங் என்பார்கள். நம்பர் கொடுக்கிற பேச்சை ஸ்விட்ச் ஒட்டுக் கேட்கும். பதில் சர்வருக்குப் போகும் துளை வழியாக வந்தால் விடும், வேறு துளையிலிருந்து வந்தால் அங்கேயே அமுக்கிவிடும்.

போன வருஷம் ஒரு நாள் காலை பத்து மணிக்கு இரண்டாம் மாடியில் அதைப் போட்டாள். ஒன்றை மட்டும் மறந்துபோனாள். சர்வருக்குப் போகும் இருபத்து நாலாம் துளையை 'நம்பு' என்று ஸ்விட்சுக்குச் சொல்லவில்லை. சந்தேகப்படுவதில் அவ்வளவு மும்முரம். காலையில் வாங்கிய நம்பர்கள் கையில் இருந்ததால் மதியம்வரை ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் அந்த நம்பர்களின் கெடு முடிய முடிய, கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக வாயை மூடிக்கொண்டன. மேனேஜர் எல்லார் முன்னாலும் அவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டு, காவலை எடுக்கச் சொல்லி, இனி அதைத் தொடக்கூடாது என்றார். நான் சிரித்தேன். பெயர் வைத்ததும் அன்றைக்குத்தான்.

இந்த மாதம் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பது மேனேஜர் கையில். அந்த நேரம் பார்த்து ஒரு நாள் காலையில், இரண்டாம் மாடியில் ரத்தப் பரிசோதனை ரிசல்ட் எதுவும் வார்டுக்கு வரவில்லை. பாதி கம்ப்யூட்டர் ஓடுகிறது, பாதி முழிக்கிறது. லேப் ஆட்கள் சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

மேனேஜர் வந்தார். "மத்தியானத்துக்குள்ள சரியாகணும். இல்லன்னா வெளியில ஆள் பார்த்துக்கிறேன்."

அவள் முழிக்கிற கம்ப்யூட்டர் ஒன்றைத் திறந்து பார்த்தாள். "இது நம்ம நம்பரே இல்லண்ணே. வேற எதுவோ கொடுத்துட்டு இருக்கு."

ஸ்விட்சில் தேடினாள். பதினேழாம் துளை. ஒயரைப் பிடித்துக்கொண்டே போனோம். நர்ஸ்கள் சாப்பிடும் அறையில், மைக்ரோவேவுக்குப் பின்னால், ஒரு சின்ன வைஃபை பெட்டி. அதில் ஒயரைச் செருக வேண்டிய துளையை விட்டுப் பக்கத்துத் துளையில் செருகியிருந்தார்கள். அதனால் அது தன்னையே சர்வராக நினைத்துக்கொண்டு மாடி முழுக்க நம்பர் வாரி வழங்கிக்கொண்டிருந்தது.

அவள் அதைத் திருப்பினாள். அடியில் ஸ்டிக்கரில் ஒரு பாஸ்வேர்ட். அவளுடைய கையெழுத்து.

தலைமை நர்ஸ் அவளுடைய சொந்த அக்கா. போன வாரம் வீட்டுக்குப் புதுப் பெட்டி வாங்கியபோது பழசை அக்காவிடம் கொடுத்திருந்தாள். கூப்பிட்டனுப்பியதும் அக்கா வந்தாள். பெட்டியைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"சிக்னலே வரலன்னு பொண்ணுங்க புலம்பினாங்கடி. நேத்து சாயங்காலம்தான் மாட்டினேன்."

"வீட்டுக்குன்னுதானேக்கா கேட்ட?"

நான் ஒயரைப் பிடுங்கக் கை நீட்டினேன்.

"அஞ்சு நிமிஷம் விடுங்கண்ணே. இதைப் பிடுங்கினா நாளைக்கு இன்னொருத்தர் இன்னொண்ணு கொண்டு வருவாங்க" என்று சொல்லிவிட்டு, மேனேஜரிடம் போய் பெட்டியைப் பற்றிச் சொல்லி, காவலை மறுபடி போட அந்த ஐந்து நிமிஷத்தைக் கேட்டாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஸ்விட்ச் அறைக்கு வந்தார்.

இந்த முறை முதலில் இருபத்து நாலாம் துளையை 'நம்பு' என்று போட்டாள். திரையில் தெரிந்ததை என்னை வாய்விட்டுப் படிக்கச் சொன்னாள். என்னிடம் சிவப்பு டேப் வாங்கி அந்தத் துளைக்கு மேல் ஒட்டினாள். அப்புறம்தான் காவலைப் போட்டாள். முழித்த கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாக அணைத்துப் போட்டோம். எல்லாம் சரியான நம்பரோடு எழுந்தன. ரிசல்ட்டுகள் மளமளவென்று போக ஆரம்பித்தன.

"அந்தப் பெட்டியைக் கழட்டிட்டியா?" என்றார் மேனேஜர்.

"இல்ல சார், ஓடிட்டுத்தான் இருக்கு. அது பேசுறது யார் காதுக்கும் போகாது."

அவர் சிவப்பு டேப்பைத் தொட்டுப் பார்த்தார். "இந்தக் காவலை எல்லா மாடியிலயும் போட்டுடு. பெட்டி யாரோடது?"

அக்கா வாசலில் நின்றிருந்தாள்.

"என்னோடது சார்" என்றாள் தங்கை. பொய் இல்லைதான். ஆனால் ஒப்பந்தம் அதோடு போச்சு என்று நினைத்தேன்.

"பெட்டி அவளோடது. மாட்டினது நான் சார்" என்று அக்கா உள்ளே வந்தாள். "அவளுக்கு இது தெரியவே தெரியாது."

மேனேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்களுக்கு மெமோ வரும் சிஸ்டர்." பிறகு இவளிடம், "நாளைக்கு வந்து ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"நான் சொல்ல மாட்டேன்னுதானே நினைச்ச?" என்றாள் அக்கா.

"ஆமாக்கா" என்று சொல்லி, சந்தேகம் அக்காவின் தோளில் சாய்ந்து அழுதாள். நான் மிச்ச டேப்பைச் சுருட்டிக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு அவளை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.