அழுகைக்கு முந்தைய நிமிடம்

லோர்னா கணவரின் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டபடியே, போட்டி வேட்பாளர் ஹாலிஸின் பழைய பேச்சை வீடியோ கேசட் போட்டு டிவியில் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிபர் தேர்தல் வந்தால், எதிராளியின் பழைய பேச்சுகளைத் தோண்டி, ஓட்டை உடைசலைக் கண்டுபிடித்துத் தன் வேட்பாளருக்குக் கொடுப்பதுதான் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அவளுக்குப் பிழைப்பு. வருடக்கணக்காகக் கேட்டதில் ஹாலிஸ் எந்த இடத்தில் இருமுவார் என்பதுகூட அவளுக்குத் தெரியும். வீட்டில் பேசும்போது "நம்ம ஹாலிஸ்" என்பாள்.

திரையில் ஹாலிஸ் கண்ணைத் துடைத்தார். அதே வேட்பாளருக்கு விளம்பரம் எடுக்கும் டிரென்ட், கேசட்டுக்காக அவள் வீட்டுக்கு வந்திருந்தவன், காபிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"இது போதும் லோர்னா. மேடையில அழுவுற ஆளு நாட்டை ஆளுவாரான்னு கேட்டுடலாம்."

"அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் பாரு. செத்துப்போன தம்பியைப் பத்திப் பேசறாரு."

"அதை வெட்டிடுவோம்."

"வரியை ஏத்த ஓட்டுப் போட்டாரே, அதை எடுத்து வெளுத்து வாங்கு. நானே தேடித் தர்றேன். இதை வெட்டாதே."

"அவரு மேல ஆசை வந்துடுச்சா உங்களுக்கு?"

"என் புருஷன் பேச்சைவிட அவரு பேச்சைத்தான் அதிகம் கேட்டிருக்கேன்."

டிரென்ட் சிரிக்கவில்லை. "திங்கக்கிழமை கட்சிக்குள்ள வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற ஓட்டு. தோத்தா உங்களுக்கும் வேலை கிடையாது. கேசட்டைத் தர்றீங்களா, இல்லையா?"

லோர்னா கேசட்டை வெளியே எடுத்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறிப் போய்விட்டாள்.