குனிந்து வந்தவருக்கு ஓர் உத்தரம்

பீளமேட்டில் இடித்த வீட்டு மரங்களை விற்கும் கடை வைத்திருந்தாள் தெய்வாத்தாள். பஞ்சாலைக் குடியிருப்பு ஒன்றை இடித்தபோது, நல்ல தேக்குக் கதவுகளை வெந்நீர் அடுப்புக்கு உடைத்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கப் பொறுக்காமல் நாலைந்தைத் தன் வீட்டுக்கு இழுத்து வந்தாள். அவை உடனே விலைபோயின. அதற்கப்புறம் எந்த வீட்டை இடித்தாலும் முதல் ஆளாய்ப் போய் நிற்பாள். கடையில் எதையும் அடிக்கணக்கில் சொல்ல மாட்டாள். "டாக்டரூட்டு ஜன்னலைத் தூக்கு, வாத்தியாரூட்டுக் கொல்லப்பக்கத்துப் பொடக்காலிக் கதவை நகத்து" என்பாள்.

தொண்ணூத்தி நாலு கோடையில் தாராபுரத்திலிருந்து சென்னியப்பன் வந்தார். பழைய வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்டியவர். நிலைக்கதவை இவளிடம்தான் விற்றிருந்தார்.

"அம்மணி, என்ற நெலக்கதவு இருக்குதுங்களா?"

"அது அவிநாசிக்குப் போயிருச்சுங்ண்ணா. ஏனுங்க, பழசே வேண்டாம்னீங்களே?"

சென்னியப்பன் பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். பழைய நிலை அவர் கழுத்து உயரம்தான். மீசை முளைத்த நாளிலிருந்து குனிந்தே போய் வந்தவர். புது வாசல் ஏழடி. ஆனால் உடம்புக்கு அது தெரியவில்லை. வாசப்படியை மிதித்ததும் முதுகு தானாக வளைந்துவிடுகிறது. எதிர்வீட்டில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பவர் பங்காளி பொங்கியண்ணன். வரப்புத் தகராறில் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

"மொதல்ல முழிச்சானுங்க. அப்புறம் தலையாட்டுனான். நேத்து கையத் தூக்கி ஆசீர்வாதமே பண்ணிப்போட்டானுங்க! நான் அவன் கால்ல உழுந்துட்டேன்னு ஊரே பேசுது."

"திரும்பி நின்னு, பின்பக்கமா வெளிய வந்து பாக்கலாம்லங்க?"

"அதையும் பாத்தாச்சுங்க. அதுக்குப் பஞ்சாயத்தையே கூட்டிப்போட்டான்."

தெய்வாத்தாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கினாள். பிறகு சொன்னாள்: "உடம்பை நிமித்தறது கஷ்டமுங்க. குனியறதுக்கு ஒரு காரணத்தை வெச்சுப்போடலாம்."

இடித்த மாட்டுக்கொட்டகையின் உத்தரம் ஒன்று யாரும் வாங்காமல் கிடந்தது. அதை டெம்போவில் ஏற்றி, ஆசாரி நரசிம்மலுவையும் கூட்டிக்கொண்டு அவளே தாராபுரம் போனாள்.

"புது வாசலுக்குக் குறுக்க உத்தரமா? நான் செஞ்சேன்னு வெளிய சொல்லிராதீங்க" என்று புலம்பிக்கொண்டே நரசிம்மலு அடித்து முடித்தார்.

சென்னியப்பன் வெளியே வந்தார். குனிந்தார். தலைக்கு மேல் உத்தரம் இருந்தது. ஊர் பார்த்தது. பொங்கியண்ணன் பேப்பரை வீசிவிட்டு, "என்னடா கூத்து இது?" என்று தெருவைத் தாண்டி வந்தார். உள்ளே வர அவரும் குனிய வேண்டியதாயிற்று. சென்னியப்பன் நிதானமாகக் கையைத் தூக்கி அவரை ஆசீர்வதித்தார்.

அடுத்த வாரமே பொங்கியண்ணன் கடைக்கு வந்துவிட்டார். "அதுக்கும் ஒரு சாண் கீழ வர்ற மாதிரி ஒண்ணு குடுங்க அம்மணி."

அதைத் தன் வாசலில் மாட்டிய கையோடு, பேரனுக்குக் காதுகுத்து என்று சென்னியப்பனை ஊரறிய அழைத்தார். போகாமல் இருக்க முடியுமா? சென்னியப்பன் இடுப்பு ஒடியக் குனிந்து போய்ச் சாப்பிட்டார், மறுநாள் பீளமேட்டுக்குப் பஸ் ஏறினார். இப்படியே மாறி மாறி நடந்தது. எதிராளியைக் குனிய வைக்க வேண்டும் என்றே இருவரும் காப்பிக்குக் கூப்பிட்டார்கள், கறிவிருந்து வைத்தார்கள். தெய்வாத்தாளின் கடையில் வருஷக்கணக்காய்ப் போகாத குட்டை மரமெல்லாம் தாராபுரம் போய்ச் சேர்ந்தது. அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் நல்ல வீட்டு வாசலை நாய்க்கூண்டு வாசலாக்கிவிட்டோமே என்று மனசு உறுத்தியது.

சென்னியப்பன் மகள் கல்யாணத்துக்குத் தெய்வாத்தாள் தன் புருஷன் கந்தப்பனோடு போனாள். வாசலில் மாப்பிள்ளை வீட்டார் பட்டு வேட்டியைச் சுருட்டிக்கொண்டு ஒவ்வொருவராகத் தவழ்ந்து உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். சாம்பார் அண்டா நுழையாததால், சமையல்காரர் ஜன்னல் வழியாக வாளி வாளியாக ஊற்றிக் கொடுத்தார்.

தெய்வாத்தாளால் தாங்க முடியவில்லை. "ஏனுங்ண்ணா, இன்னிக்கு ஒரு நாளைக்காவது இதை அறுத்து எடுத்துப்போடலாமுங்களா?" என்று வாசலில் நின்று கேட்டாள்.

உள்ளேயிருந்து பங்காளிகள் இருவரும் சேர்ந்து கத்தினார்கள்: "தொட்டீங்கன்னா கெட்ட கோபம் வந்துரும்!"

அவர்கள் ஒரே குரலில் பேசியதைத் தாராபுரத்தில் அன்றுதான் கேட்டார்கள். தெய்வாத்தாள் கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு முழங்காலிட்டாள். உள்ளேயிருந்து பொங்கியண்ணன் கை நீட்டி அவளை இழுத்துவிட்டார்.

"வாங்க அம்மணி. தலை பத்திரமுங்க."