நாற்பத்திரண்டாம் மேசைக்கு வெறும் சோறு

மூன்றாவது தட்டு

மீன் வைத்தபடியே இருந்தது. மேலே செருகிய எலுமிச்சைத் துண்டுகூட நகரவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு கிச்சன் கதவை முதுகால் தள்ளினேன். சொகுசுக் கப்பலில் ஐந்து வருடம் பரிமாறியவன் சொல்கிறேன்: எங்கள் தொழிலில் கஷ்டப்படுத்துகிறவர் நிறையக் கேட்பவர் அல்ல, ஒன்றும் கேட்காதவர். கல்யாணப் பந்தியில் பரிமாறியவர்களுக்கு இது தெரியும். சாப்பிடாமல் இலையை மூடிவிட்டு எழுந்து போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு நீங்களும் ஒரு நாள் நின்றிருப்பீர்கள்.

சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய மறுநாள் மதியம் அது. நாற்பத்திரண்டாம் மேசையில் ஒரு அப்பாவும் மகளும். அப்பா அந்தோணிசாமி, நைனார்பாளையத்துக்குப் பக்கத்து ஊர்; கூலி வேலை செய்து மகளைப் படிக்கவைத்தவர். மகள் ஜெசிந்தா, சிங்கப்பூரில் நர்ஸ். முதல் நாள் இரவுச் சாப்பாடும், காலைப் பலகாரமும், இப்போது இந்த மீனும் அப்படியே திரும்பின. அப்பா ஒவ்வொரு வேளையும் அறைக்குப் போய் ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்கைத் தின்கிறார் என்று ஜெசிந்தா கதவருகே வந்து சொன்னாள். நானும் அவர்கள் பக்கத்துக்காரன் என்பதால் என்னிடம் சொன்னாள்.

"நாலு வருஷமா போன்லதாங்க அவரு சாப்புடறதப் பாக்குறேன். நாளான்னிக்குக் காலைல பினாங்கு வந்தா எறங்கி ஊருக்குப் போறேன்றாரு. அதுக்குள்ள ஒரு வேள எங்கூட உக்காந்து துன்னார்னா போதும்."

நாற்பத்தொன்றாம் மேசை

பக்கத்து மேசையில் ஒரு ஆங்கிலேயர், ஓய்வு பெற்ற வாத்தியார். அவர் மனைவி மெனு அட்டையில் இருப்பதையெல்லாம் வரவழைப்பாள். அவருக்கு மூன்று வேளையும் அவித்த உருளைக்கிழங்கு இரண்டு, வாட்டிய ரொட்டி ஒன்று, வெண்ணெய் கூடாது. முதல் நாளே என் சட்டையில் இருந்த பெயரைப் படித்து, பெயர் சொல்லி அழைத்து, இதைக் கேட்டு வாங்கினார். கேட்பதில் அவருக்கு எந்தக் கூச்சமும் இல்லை. செஃப் முணுமுணுத்துக்கொண்டே அவித்துக் கொடுத்தார்.

அதைக் காட்டி அந்தோணிசாமியிடம் குனிந்தேன். "ஐயா, அவருக்கு வெறும் கெழங்குதான் அவிச்சுக் குடுக்கறோம். உங்களுக்கு இன்னா வேணும்னு சொல்லுங்க."

அவர் நிமிர்ந்தார். "நீ எந்த ஊரு தம்பி?"

"கச்சிராயபாளையம்."

"அங்க எங்க?"

"டேமுக்குப் போற ரோட்டுல. கரும்புக் கொல்ல இருக்குதே, அத ஒட்டித்தான் எங்க வூடு."

அவர் மேசையில் ஊன்றியிருந்த முழங்கையை எடுத்துக்கொண்டார். அந்த நிமிஷமே நீ போய் நீங்க வந்தது.

"அந்தப் பக்கம் கரும்பு வெட்ட வந்துக்கினு இருந்தோங்க. எனக்குன்னு ஒண்ணும் வேணாங்க. நீங்க எது குடுக்கறீங்களோ அது போதும்."

சிவப்பு விளிம்பு

எங்கள் கிச்சனில் சீட்டு இரண்டு வகை. 'பிடிக்காது' என்று எழுதினால் அது அடியில் போய்விடும். செஃப் கண்ணில் படுவதற்குள் தட்டு மேசைக்குப் போயிருக்கும். 'அலர்ஜி' என்று எழுதினால் எல்லோரும் நின்று படிப்பார்கள். தனி வாணலி, தனிக் கத்தி. அன்று சாயங்காலம் அந்தோணிசாமியின் பெயருக்கு நேரே பால், வெண்ணெய், சீஸ், மசாலா எல்லாவற்றுக்கும் அலர்ஜி என்று எழுதிக் கொடுத்தேன். வெறும் சோறும் அவித்த பருப்பும் வரும் என்பது என் கணக்கு. இந்தத் தொழிலில் இருக்கும் பாதிப்பேர் எழுதும் பொய்தான் இது.

சோறு வந்தது. ஆனால் அலர்ஜித் தட்டு வேறு என்பதை நான் யோசிக்கவில்லை. சிவப்பு விளிம்பு போட்ட தட்டு, மேலே மூடி, மூடியில் பெயர் எழுதிய அட்டை. அதை நாங்கள் தொடக்கூடாது. சூப்பர்வைசர் கையுறை போட்டுக்கொண்டு தானே கொண்டுவந்து வைத்தார். மற்றத் தட்டுகளைத் தள்ளி வைத்தார். அப்பா சாப்பிடப் போகிறார் என்ற சந்தோஷத்தில் ஜெசிந்தா தன் ஸ்பூனை அந்தச் சோற்றுப் பக்கம் நீட்டினாள். சூப்பர்வைசர் கையை நடுவில் நீட்டித் தடுத்து ஏதோ சொன்னார்.

"இன்னா சொல்றாரு?" என்று அந்தோணிசாமி மகளைக் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "இது உங்களுக்குத் தனித் தட்டாம்ப்பா. வேற யாரும் தொடக்கூடாதாம்" என்றாள்.

அவர் தட்டைப் பார்த்தார், விளிம்பைப் பார்த்தார். மடியிலிருந்த துணியை நாலாக மடித்து மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார். குரல் உயரவில்லை.

"தனித் தட்டுல துன்றதுக்கு இவ்ளோ தூரம் வரணுமா? ஊர்லயே இருந்திருப்பேனே."

கையெழுத்து

எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையில் கூரை ஓலைக்குள் ஒரு அலுமினிய டம்ளர் செருகியிருக்கும். நான் பள்ளிக்கூடம் போன நாட்களில் அதைத் தினமும் பார்த்தேன். கரும்பு வெட்டு நடக்கும் மாசங்களில் அது இறங்கும், வெட்டு முடிந்தால் ஏறும். யார் குடிக்க என்று நான் கேட்டதில்லை. கேட்கத் தோன்றியதில்லை.

மறுநாள் காலை ஜெசிந்தா தனியாக வந்து காபி மட்டும் குடித்தாள். பினாங்கில் இறங்க அப்பா பையைக் கட்டி அறைக் கதவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாராம். அவள் போன பிறகு சூப்பர்வைசரிடம் போய்ச் சீட்டில் எழுதியது பொய் என்று சொன்னேன். இப்படிப் பொய் எழுதினால் எச்சரிக்கைக் கடிதம் உண்டு. அடுத்த ஒப்பந்தத்தின்போது அதை எடுத்துப் பார்ப்பார்கள். அவர் கடிதத்தை எழுதி என் முன்னால் தள்ளினார். கையெழுத்துப் போட்டேன். சிவப்புத் தட்டு ரத்தானது.

பிறகு செஃப்பிடம் போனேன். மேல்தளங்களில் ஏழு உணவகங்கள் இருந்தும் அந்தோணிசாமிக்கான சோறு கீழே, ஊழியர்கள் சாப்பிடும் மெஸ்ஸில், ஒரு அண்டாவில்தான் இருந்தது. அதை விருந்தாளிகளுக்குக் கொடுப்பது வழக்கமில்லை. செஃப் கோவாக்காரர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, மெஸ் சோற்றை மேலே எடுத்துப்போவது என் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதி நீட்டினார்.

"மேலே இருந்து புகார் வந்தால் நான் பார்க்கவில்லை. இதிலும் நீயே கையெழுத்துப் போடு."

இரண்டு வெள்ளைத் தட்டு

ஜெசிந்தா என்ன சொல்லி அழைத்துவந்தாள் என்று தெரியாது. மதியம் அவர் வந்து உட்கார்ந்தார். சட்டைப் பையில் பாஸ்போர்ட் துருத்திக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் வைக்கிற வெள்ளைத் தட்டுகள் இரண்டில் குழைந்த சோறு, மேலே மோர், ஓரத்தில் நறுக்கிய வெங்காயமும் ஊறுகாயும். மூடி இல்லை. இரண்டையும் ஒன்றாகவே கொண்டுபோய் வைத்தேன்.

அவர் மகளின் தட்டைப் பார்த்தார். "உனுக்கும் இதானா?"

"இதாம்ப்பா. சாப்புடுங்க."

என் பக்கம் திரும்பினார். "இது எந்த ஓட்டலு சோறுங்க?"

"ஓட்டலு இல்லங்க ஐயா. நாங்க கீழ துன்றது."

"நாங்கன்னா?"

"பாத்திரம் கழுவறவங்க, எஞ்சின்ல வேல செய்யறவங்க. நானுந்தான். ஒரே அண்டா."

அவர் முள்கரண்டியைத் தள்ளி வைத்தார். கையால் பிசைந்து ஒரு வாய் போட்டார். இன்னொரு வாய். வெங்காயத்தைக் கடித்தார். ஜெசிந்தாவும் கையால் சாப்பிட ஆரம்பித்தாள். பக்கத்து மேசையில் ஆங்கிலேயர் உருளைக்கிழங்குக்கு உப்புத் தூவிக்கொண்டிருந்தார்.

பாதித் தட்டு காலியானபோது அந்தோணிசாமி கேட்டார். "நாளைக்கும் இது இருக்குமா?"

"இருக்கும் ஐயா."

ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாள்.

அவர் இன்னொரு வாய் போட்டு நாக்கைச் சப்புக்கொட்டினார். தட்டை விரல் நுனியால் என் பக்கம் கொஞ்சம் நகர்த்தினார்.

"உப்பு கம்மியா இருக்குது தம்பி. நீயே பாரு."

மேசையில் கிடந்த ஸ்பூனை எடுத்து, அவர் தட்டிலிருந்து ஒரு வாய் அள்ளிச் சாப்பிட்டுவிட்டு, உப்பு எடுத்துவரப் போனேன்.