இறங்காத கொக்கு

கட்டடம் எழும்புகிற இடத்தில் வானத்தை ஒட்டி ஒரு கண்ணாடிக் கூண்டு தொங்குமே, அதில் உட்கார்ந்து இரும்பும் சிமெண்டும் தூக்கிக் கொடுக்கிற கிரேன்காரரைத்தான் எல்லாரும் கொக்கு என்பார்கள். கழுத்தும் நீளம், காலும் நீளம். கொக்குக்கு ஒன்றே மதி என்பது அவருக்கென்றே தைத்த சட்டை. காலையில் ஏறினால் வேலை முடிகிறவரை இறங்க மாட்டார்.

அவருக்குப் பத்து நாளில் உடல் தகுதிப் பரிசோதனை. தேறினால் கூண்டு, தேறாவிட்டால் வாசலில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதுகிற வேலை. இருபத்திரண்டு வருஷம் மேகத்தோடு பேசினவருக்கு அந்த நாற்காலியை நினைத்தாலே குலை நடுங்கியது.

உடம்போ பாகப்பிரிவினை ஆன வீடு மாதிரிக் கிடந்தது. தலைவலிக்கு அவரே கடையில் வாங்கிப் போட்ட மாத்திரை வயிற்றைக் கெடுத்தது. வயிற்றுக்கு ஒரு டாக்டர், தூக்கத்துக்கு இன்னொருவர். ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. ரத்த அழுத்தம் வேறு ஏணி ஏறிக்கொண்டிருந்தது.

பொறுக்கமாட்டாமல் மனைவி தன் சித்தப்பா மகளை வரவழைத்தாள். அவள் நர்ஸ். வாயைத் திறந்தால் கத்தரிக்கோல். ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறை மேஜையில் நோட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"தலை தனியா, வயிறு தனியாவா மாமா பொறந்தீங்க? எழுந்திரிக்கிறதுல இருந்து படுக்கிற வரைக்கும் ஒண்ணு விடாம சொல்லுங்க."

சொன்னார். சாப்பாடு, நடை, தூக்கம், யாரோடு சண்டை, எல்லாம் கேட்டாள்.

"கடைசியா எப்ப வாய்விட்டுச் சிரிச்சீங்க?"

"உன் கல்யாணத்துல. உன் வீட்டுக்காரன் ரெண்டு காலுக்கும் வேற வேற செருப்பு போட்டுட்டு வந்தப்ப."

"அதுக்கு ஏழு வருஷம் ஆச்சு. சரி, தண்ணி?"

"ரெண்டு லிட்டர் பாட்டில் தெனம் கொண்டு போறேன்."

மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. "அதைக் குடிச்சு முடிச்சிட்டு, வரும்போது வீட்டுக்கும் ஒரு பாட்டில் நெறையப் பிடிச்சிட்டு வருவாருடி. அதைத்தான் நான் செடிக்கு ஊத்துறேன்."

நர்ஸின் பேனா நின்றது. கொக்கு ஜன்னலைப் பார்த்தார்.

"மாமா, அது பிடிச்சிட்டு வந்த தண்ணியா, குடிக்காத தண்ணியா?"

தப்ப வழியில்லை. "குடிச்சா இறங்கணும்மா. நூத்துப் பன்னெண்டு படி. இறங்கி ஏற இருபது நிமிஷம். கீழ நாப்பது பேரு கையைக் கட்டிட்டு நிப்பாங்க. சூப்பர்வைசர் மைக்ல, 'கொக்குக்கு ஒண்ணுக்கு வந்துருச்சு, எல்லாரும் உக்காருங்க'ன்னு சொல்லுவான். அதான் உதட்டை நனைச்சுக்கிறதோட சரி."

மனைவி இடுப்பில் கை வைத்தாள். "ஆசையாக் கொண்டு வர்றீங்கன்னு நெனச்சேனே. நான் ஊத்திக் கொடுத்ததையே எனக்குத் திருப்பிக் கொடுத்திருக்கீங்க."

முதலில் நர்ஸ் சிரித்தாள். பிறகு மனைவி. கடைசியில் கொக்கும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அப்புறம் நூலைப் பிடித்தால் சேலையே வந்தது. தண்ணீர் இல்லாததால் தலைவலி, தலைவலிக்கு மாத்திரை, மாத்திரையால் வயிறும் ரத்த அழுத்தமும், வயிற்றால் பட்டினி, பட்டினியால் தூக்கமின்மை, விடிந்தால் மறுபடி தலைவலி. எல்லா மாத்திரையையும் ஒரே பையில் போட்டு ஒரே டாக்டரிடம் கொட்டினார்கள். அவர் சிலதை நிறுத்தினார், ஒன்றை மட்டும் விடாமல் சாப்பிடச் சொன்னார். கொக்கு லீவு போட்டார். மணிக்கொரு டம்ளர் தண்ணீர், நேரத்துக்குச் சோறு, சாயங்காலம் மனைவியோடு பூங்காவில் மூன்று சுற்று. ஆறாம் நாள் விடியலில் அவளை உலுக்கி எழுப்பினார்.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"தலை வலிக்கல. தொட்டுப் பாரு."

"வலிக்காததை எப்படிங்க தொட்டுப் பாக்கிறது?"

பரிசோதனை நாள் வந்தது. கண் சரி, காது சரி. ரத்த அழுத்தம் எல்லைக்கோட்டுக்குள் மயிரிழையில் வந்து நின்றது. கம்பெனி டாக்டர் பேனாவைத் திறந்தார். சூப்பர்வைசர் பக்கத்திலேயே நின்றான். பேசாமல் இருந்தால் கூண்டு கிடைத்துவிடும்.

"இப்படியே கையெழுத்துப் போடாதீங்க டாக்டர். போட்டா நான் பழையபடி குடிக்காம உக்காந்துருவேன். ஷிப்டுக்கு ரெண்டு தடவை கீழ இறங்கணும்னு சேர்த்து எழுதுங்க."

"ஒண்ணுக்குப் போக எழுத்துல உத்தரவா?" என்றான் சூப்பர்வைசர்.

"ஆமா. மைக்ல சொல்றதை இனி டாக்டர் காகிதத்துல சொல்லட்டும்," என்றார் கொக்கு.

டாக்டர் எழுதத் தொடங்கினார். பெஞ்சில் முறைக்குக் காத்திருந்த மற்ற இரண்டு கிரேன்காரர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு எழுந்தார்கள்.

"எங்களுக்கும் அப்படியே எழுதிருங்க டாக்டர்," என்றார் இளையவர்.

"எனக்கு மூணு தடவை," என்றார் மூத்தவர்.